அதிகம் தூங்கிய பெட்டி

வீட்டு மீட்டரின் கணக்கை மின்கம்பி வழியாகவே அலுவலகத்துக்கு அனுப்பும் சிறு பெட்டிகள், வேலை இல்லாதபோதும் விழித்திருந்து மின்சாரத்தை வீணாக்கின. வீட்டில் மின் பயன்பாடு மாறாதவரை அவை தூங்கட்டும் என்று பூங்கோதை ஒரு புரோகிராம் எழுதினாள். அம்மா இறந்தபின் அப்பா தனியாக இருக்கும் தெருவையே சோதனைக்குக் கேட்டு வாங்கினாள்.

முடிவுகள் வந்த அன்று எல்லோரும் அவள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இந்தப் பெட்டியப் பாருங்க மேடம், கண்ணே தொறக்கல! எல்லாம் இப்படி இருந்தா எவ்வளவு மிச்சம்!" என்று உடன் வேலை செய்யும் அருள்வேந்தன் கைதட்டினான்.

அது அப்பா வீட்டின் கதவு எண் என்று பார்த்ததும் பூங்கோதை வெளியே போய் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஃபேனப் போட்டுட்டு டிவி பாத்துட்டிருக்கேம்மா. நீ சாப்ட்டியா?"

டிவி சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவள் சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஃபிரிட்ஜின் வயர் பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. அம்மா வழக்கமாகப் படுக்கும் கட்டிலின் ஓரத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் பதறி எழுந்து, சுவரில் சுவிட்சைத் தேடினார்.

"ஏம்ப்பா, லைட்டு கூடப் போடல?"

அவர் கை சுவிட்சின் மேலேயே நின்றது.

"போட்டா, அவ இல்லாதது தெரியுதும்மா."

பூங்கோதை அந்தக் கையை மெல்ல எடுத்துப் பிடித்துக்கொண்டு, அவரோடு கட்டிலில் உட்கார்ந்தாள். அதன்பின் அவளும் விளக்கைப் போடவில்லை.