இங்கு சூடு குறைக்கப்படும்

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் குப்பென்று ஒரு புளித்த வாடை அடித்தது. “ஆசிட் கசியுதுங்க” என்றேன், பெரிய டாக்டர் தோரணையில். எந்த ஆசிட் என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

எதிரே உட்கார்ந்திருந்த மாதப்பன் கேட்கவில்லை. அவர் நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எஸ்டேட் ஆபீசுக்குப் புதிதாக ஐந்து கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அவற்றைப் பராமரிக்கும் வேலையை எனக்குக் கொடுக்கலாமா என்று எடைபோட வந்திருந்தார்.

அவர் வந்த நேரம் பார்த்து என் கம்ப்யூட்டர் ‘கீ கீ’ என்று அலறி, அப்படியே நின்றுவிட்டது. மறுபடி போட்டுப் பார்த்தால் திரையில் எண்பது டிகிரி.

“ஏனுங்க பாயி, கார்த்திக மாசக் குளுருல ஏற்காடே நடுங்குது. உங்க பொட்டிக்கு மட்டும் எப்படிங்க காய்ச்சலடிக்குது?”

“உள்ள பிராசசர்னு ஒன்னு இருக்குதுங்க. மனுசனுக்கு மூளையாட்ட. நொம்ப யோசிச்சா சூடாயிருமுங்க.”

“நீங்க நல்லா ஜில்லுனுதான இருக்கறீங்க” என்றார் மாதப்பன்.

பிறகு எழுந்துகொண்டார். “உங்க பொட்டியே இப்படின்னா, எங்க அஞ்சையும் எப்படிங்க நம்பி உடறது? திங்கக்கெழம வாறேன். ஒரு மணி நேரம் நிக்காம ஓடுச்சுன்னா வேலை உங்களுக்கு. இல்லீன்னா சேலத்துல ஆளு பாத்துக்கறேன்.”

வாசலில் நின்று திரும்பினார். “வேலை இல்லீன்னாலும் உங்கூட்டு அம்மிணி சுடற இட்லிக்கு வருவனுங்க. எங்கூட்டு மாவு இந்தக் குளுருக்குப் பொங்கவே மாட்டேங்குது.”

இந்த வேலை கைவிட்டுப் போனால் சேலத்தில் மாமனாரின் வெல்லமண்டியில் போய் உட்கார வேண்டியதுதான். “அங்க சும்மா ஒக்காந்து ஈ ஓட்டறதுக்கு, இங்க வந்து ஓட்டுங்க மாப்ள. இங்க நெசமாலுமே ஈ இருக்குது” என்று அவர் ஒரு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை என்று பெயர்தானே தவிர, அது எங்கள் வீட்டின் முன்னறை. நடுவில் ஒரு துணித் திரை, அந்தப் பக்கம் சமையலறை. இடம் போதாமல் கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகு திரையைத் தாண்டி அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். நான் அங்கே எட்டிப் பார்த்ததுகூட இல்லை. வேளைக்குத் தட்டு இந்தப் பக்கம் வந்துவிடும்.

என் தொழிலை மதித்த ஒரே ஜீவன் என் மனைவி சலீமாதான். “ஏனுங்க, இன்னிக்கு எத்தன மணி வரைக்கும் ஓட்டுவீங்க?” என்று தினமும் காலையில் அக்கறையாகக் கேட்பாள். சாயங்காலம் வரைக்கும் என்றால் அவள் முகம் மலர்ந்துவிடும்.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினேன். அவளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, பழையதைப் போல் இரண்டு மடங்கு பெரிய ஃபேனும், அதற்கு அடியில் வைக்கிற அலுமினியக் கட்டியும் வாங்கிக்கொண்டு தனியாக மலையேறினேன். பிராசசர் மேல் தடவ ஒரு வெள்ளைப் பசையும் கொடுத்தார்கள். துளியூண்டு போதும் என்றார் கடைக்காரர். நான் பன்னுக்கு ஜாம் தடவுவது போல் தடவினேன்.

எண்பது டிகிரி, நாற்பத்தைந்துக்கு இறங்கியது! சனி, ஞாயிறு பகலெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சின்ன முனகல்கூட இல்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘இங்கு கம்ப்யூட்டர் சூடு குறைக்கப்படும்’ என்று அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், மண்டிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி மாமனாரிடம் சொல்லிவிட்டும் வந்தேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

ஞாயிறு இருட்டுகிற நேரத்தில் சலீமா வந்து சேர்ந்தாள். திங்கள் காலை கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே வழக்கமான கேள்வி வந்தது. “ஏனுங்க, இன்னிக்கு எத்தன மணி வரைக்கும் ஓட்டுவீங்க?”

“இனிமே ராவும் பகலும் ஓட்டலாம்!” என்றேன்.

“நெசமாவாங்க?” என்றாள் சந்தோஷமாக. என்ன இருந்தாலும் கட்டிய புருஷனின் வெற்றியல்லவா.

மாதப்பன் வந்தார். அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உட்கார்ந்தார். நான் புது ஃபேனைக் காட்டி, காற்று எப்படி உள்ளே போய் எப்படி வெளியே வருகிறது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அரை மணி நேரம் ஜம்மென்று ஓடியது.

முக்கால் மணியில் ‘கீ கீ’ என்று அலறியது. திரை உறைந்தது. மறுபடி போட்டேன். எண்பத்தொன்று. புது ஃபேன் போட்டதற்கு ஒரு டிகிரி லாபம்.

மாதப்பன் வாசலில் தொங்கிய அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. வெல்லமண்டி ஈக்கள் இப்போதே காதோரம் ரீங்காரமிட்டன.

“செரி உடுங்க பாயி” என்று அவர் எழுந்தார். “வந்ததுக்கு அம்மிணி கையால நாலு இட்லியாச்சும் தின்னுட்டுப் போறேன்.”

திரையை விலக்கிக்கொண்டு சலீமா டீயோடு வந்தாள்.

“இட்லி நாளைக்குத்தானுங்ணா. மாவுச் சட்டிய இப்பத்தான் கம்ப்யூட்டர் முதுகுல ஒட்டி வெச்சு, கம்பளி போத்தி உட்டிருக்கறேன்.”