ஈயின் உறவுமுறை

"ரெண்டும் ஒரே ஈதானே அக்கா, நீயே பாரு!"

"கண்ணுக்கு ஒண்ணாத் தெரிஞ்சா ஒண்ணாயிடுமாடா? நான் சொல்றதை முதல்ல..."

"நீ சொல்றதைத்தானே காலையில இருந்து கேக்குறேன்! அதே இறக்கை, அதே மஞ்சக் கோடு..."

"கத்தாதே. அடுத்த ரூம்ல டைரக்டர் இருக்காரு."

தம்பி குரலை மட்டும் தாழ்த்தினான். மைக்ராஸ்கோப்புக்கு அடியில், அவன் கொய்யாத் தோப்பில் பிடிபட்ட பழ ஈ ஊசி குத்திக் கிடந்தது. உள்ளூர் ஈ என்றால் மருந்துப் பொறி வைத்தால் போதும். வெளிநாட்டு ஈ என்றால் தோப்பையே வெட்டிக் கொளுத்த வேண்டும், அதுதான் சட்டம். எந்த ஈ என்று எழுதிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒருவருக்குத்தான். அவன் கூடப்பிறந்த அக்காவுக்கு.

"பொட்டை ஈ முட்டை வைக்கிற ஊசி இருக்கே, அது இதுல ஒரு மயிரிழை அதிக நீளம். உள்ளூர் ஈக்கு இவ்வளவு வராது. பட்டியல்ல ரெண்டும் வேற வேற இனம்டா."

"ஒரு மயிரிழைக்காக நானூறு மரமா? ஒவ்வொண்ணும் நானே பதியன் போட்டு வளர்த்தது. இப்பதான் காய்ப்புக்கே வந்திருக்கு!"

சுவர் நிறைய ஈக்களின் வம்சாவளிப் படம் தொங்கியது. எந்த ஈ எந்த ஈயிலிருந்து எப்போது பிரிந்தது என்று கிளை கிளையாகப் போட்டிருந்தார்கள். ஒரு மூலையில், உரசிக்கொண்டிருந்த இரண்டு குட்டிக் கிளைகளைப் பேனாவால் தொட்டுக் காட்டினாள் அக்கா. "இது வேற, அது வேற."

"ஈயோட சித்தப்பா பெரியப்பா வரைக்கும் உனக்குத் தெரியுது. கூடப்பிறந்தவனைத்தான் தெரியல."

"நீ என் தம்பிங்கிறதாலதான்டா நாலு தடவை அளந்தேன். சலுகை காட்டிட்டாள்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது."

"சரி, சந்தேகம்னு எழுதேன். அப்படி எழுதலாம்ல?"

அக்கா பேனா மூடியைத் திருகினாள், பிறகு கழற்றினாள். "எழுதினா, என்ன சந்தேகம்னு கேப்பாங்க."

"இவ்வளவு பெரிய உலகத்துல ரெண்டும் ஒண்ணுனு யாருமே சொல்லலையா?"

"இதுவரைக்கும் அப்படி எதுவும் அச்சுல வரல."

ஜன்னலோரம் ஒரு வலைக்கூண்டுக்குள் ஈக்கள் ஙொய்யென்று மொய்த்தன. கூண்டின் மேல் ஒரு சிவப்புச் சீட்டும் ஒரு நீலச் சீட்டும் ஒட்டியிருந்தன. அவன் அந்தப் பக்கம் திரும்பியதும், "கிட்டப் போகாதே, மிரண்டுடும்" என்று அக்கா துணியை இழுத்துக் கூண்டை மூடினாள்.

பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

"கல்லு மனசு அக்கா உனக்கு."

"சட்டம்டா. நான் என்ன பண்ணட்டும்?" அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவன் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தான்.

மார்ச் பத்தாம் தேதி காலை ரம்பங்கள் வந்தன. சாயங்காலத்துக்குள் நானூறு மரமும் தரையில் கிடந்தன. மூன்று நாள் புகை அடங்கவில்லை. அவன் பெண்டாட்டி அடுப்படிக் காலண்டரில் மார்ச் மாதத்தை அதற்குப் பிறகு திருப்பவேயில்லை.

ஒன்றரை வருடம் போயிற்று. இப்போது அவன் ஊரான் தோட்டத்துக் கொய்யாவைச் சந்தைக்கு ஏற்றிப்போகும் வேனுக்கு டிரைவர். வேனை வெளியே நிறுத்திவிட்டுத்தான் அந்தப் பாராட்டு விழாவுக்கு வந்தான். அக்கா இரண்டு தடவை போன் செய்து கூப்பிட்டிருந்தாள். "போய்ட்டு வாங்க. பாவம், அவங்க சட்டப்படிதானே செஞ்சாங்க" என்று பெண்டாட்டிதான் சட்டைக்கு இஸ்திரி போட்டு அனுப்பினாள்.

மேடையில் டைரக்டர் மைக்கைப் பிடித்தார்.

"இத்தனை வருஷமா ரெண்டு இனம்னு நாம நினைச்சது ஒரே இனம்தான்னு நம்ம மேடம் நிரூபிச்சிருக்காங்க. ரெண்டையும் ஒரே கூண்டுல விட்டு ஆறு தலைமுறை வளர்த்துப் பாத்தாங்க. பேரன் பேத்தி எடுத்து அமோகமா இருக்குதுங்களாம்! ஊசி நீளமெல்லாம் தின்ன பழத்தைப் பொறுத்ததாம். இதையே பண்ணிட்டிருந்த ஒரு வெளிநாட்டுக் குழுவை ரெண்டே மாசத்துல முந்திட்டாங்க. இனிமே இந்த ஈக்காக யாரும் ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டாம்!"

கைத்தட்டல் எழுந்தது. அவனும் தட்டினான். தன் நேரம் அப்படி, யாரைச் சொல்லி என்ன பயன்?

கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அக்கா நேராக அவனிடம் வந்தாள். கையில் அச்சான கட்டுரை.

"ரெண்டும் ஒண்ணுதான்னு அன்னைக்கே சொன்னியேடா. உன் வாய் முகூர்த்தம்!"

"இது கொஞ்சம் முந்தியே தெரிஞ்சிருந்தா..."

"என்னடா பண்றது? ஆராய்ச்சின்னா அப்படித்தான், அது நேரத்துக்குத்தான் வரும்." கட்டுரையை அவன் கையில் திணித்தாள். "கடைசிப் பக்கம் பாரு. நன்றி சொல்ற இடத்துல உன்னையும் போட்டிருக்கேன்."

அவன் புரட்டினான். 'கொய்யாத் தோப்பு வைத்திருந்த என் தம்பிக்கும் நன்றி' என்று இருந்தது. நெஞ்சு கொஞ்சம் இளகியது. இன்னும் ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று கீழே பார்த்தான். பத்திரிகைக்காரர்கள் பொடி எழுத்தில் போட்டிருந்த ஒரே ஒரு வரி. 'கட்டுரை எங்களுக்கு வந்து சேர்ந்த நாள்: ஜனவரி ஒன்பது.' பக்கத்தில் இருந்த வருடத்தின் மேல் விரலை வைத்து இன்னொரு முறை படித்தான். போன வருடமேதான்.

"அக்கா, என் மரத்தையெல்லாம் வெட்டினது மார்ச்லதானே?"