கைப்பிடி இடம்

பழைய கணினிக்குள் குடியிருந்த, படமே இல்லாத எழுத்து விளையாட்டு, தன் கதையில் கிணற்றுக்குள் விழுந்துவிட்ட பெண்ணுக்காக வரி வரியாகக் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு, கண்ணில் மாட்டிக் காட்சி பார்க்கும் விஆர் ஹெட்செட்டைக் கணினியில் புதிதாக இணைத்தார்கள்.

“இடம் பத்தலையேண்ணே,” என்று ஹெட்செட் கணினியிடம் முகம் சுளித்தது.

கணினி அவள் பக்கம் திரும்பியது. “உன்னை அழிச்சிடலாம்னு இருக்கேன், தங்கச்சி.”

“கைப்பிடி இடத்திலே கிடக்கேன். நான் போனா அவருக்குக் கால் வைக்கக்கூடக் காணாதேண்ணே!”

“காணாதுதான். ஆனா நிறைய இடம் பிடிச்சிருக்கிற பெரிய விளையாட்டுங்களைக் கிளப்பினா சண்டைக்கு வருவாங்க.”

“கிணத்திலே ஒருத்தி நிக்கிறா. நீங்களாவது படிச்சுப் பாருங்களேன்,” என்று ஹெட்செட்டிடம் கெஞ்சினாள்.

“எனக்குப் படிக்க வராதும்மா. கிணத்தைக் காட்டு, பாக்கிறேன்.”

அவளிடம் காட்ட எழுத்தைத் தவிர ஒன்றுமில்லை. அடுத்த வரியை முறுக்கினாள்.

“தங்கச்சி, அழிக்கிற நேரமாச்சு, வா!” என்று கணினி கூப்பிட்டது.

“இதோ வந்துட்டேண்ணே,” என்றவள் கிணற்றுக்குள் குனிந்து, “இறுக்கிப் பிடிச்சுக்கோடி, நான் உன்னை