பி எழுத்துத் தாள்

மடியிலிருந்து எடுத்து மூக்காயி நீட்டும் கட்டுமானப் படத்தின் நீலத்தாளை, சர்க்கார் ஆபீசில் படம் வரையும் டிராப்ட்ஸ்மேன் சேக் பரீது இரு கைகளாலும் வாங்குகிறார். சிறுமலைப் பாதையில் தடுப்புச்சுவர் சரிந்து அவள் புருசன், கொத்தனார் சோலைமலை, செத்து இன்றோடு இருபது நாள். மடிப்புகளில் தாள் வெளுத்திருக்கிறது. ஓரத்தில் காய்ந்த சிமெண்டில் ஒரு விரல் தடம். "சர்க்கார் காயிதம், வீட்ல கெடக்கக் கூடாதுல்ல" என்கிறாள். ஜன்னல் வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. அவர் கண் பழக்கத்தில் வலது மூலைக்குப் போகிறது. சின்ன முக்கோணத்துக்குள், எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் எழுத்து: 'பி'. அதற்குப் பிறகு சுவரின் அடிக்கனத்தை ஓரடி கூட்டி, எழுத்தை 'சி' ஆக்கி, தேதி போட்டுக் கையெழுத்திட்டவர் அவர்தான். புதுத்தாளை அனுப்பிவிட்டுப் பழையதைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். புதுத்தாள் அவர் இழுப்பறையிலேயே ஒரு வாரம் கிடந்துவிட்டது. அதற்குள் அங்கே சுவர் எழும்பிவிட்டது. வெளியே ஒரு மாட்டுவண்டி போகிறது. அதன் சத்தம் ஓயும்வரை கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

"அவுக தப்பாக் கட்டிட்டாகன்னு எல்லாரும் சொல்றாக. நெசமாய்யா?"

அவர் கை, திரும்பி வரும் பழைய தாள்களில் குத்தும் ரத்து முத்திரையை எடுத்து மையில் ஒற்றுகிறது. தாளுக்கு மேலே வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது.

"இல்லம்மா. இதுல இருக்கபடிதான் கட்டிருக்காரு." யாரோ பேசுவதுபோல் அவர் காதிலேயே விழுகிறது. "மாத்துன படத்த நான்தான் அனுப்பல."

 மூக்காயி முத்திரைக்குக் கீழிருந்து தாளை மெல்ல உருவி, பழைய மடிப்பிலேயே மடித்து, மடியில் செருகிக்கொள்கிறாள்.