தடியனைத் தூக்க ஒரு ஆள்

பல் மணிக்கட்டில் இறங்கியபோது மெக்கானிக் கையை இழுக்கவில்லை.

இழுத்தால் சதை கிழிந்துகொண்டு வரும். இந்தப் பதினோரு நாளில் அதையாவது கற்றுக்கொண்டிருந்தான். கையைத் தளர விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாயே அலுத்துப்போய் விடும்வரை காத்திருக்க வேண்டும்.

தடியன் அலுக்கிற மாதிரி தெரியவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெடுக்வெடுக்கென்று உதறியது. ரத்தம் அதன் மோவாயில் வழிந்து, அதன் தோளில் காலையில்தான் மாற்றிய வெள்ளைக் கட்டின் மேல் சொட்டியது.

"வாய்க்கட்டு ஆணியிலதான் தொங்குது," என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

"வேணாம். கடிச்சுட்டுப் போகட்டும்."

தடியன் நாற்பது கிலோ. இடது முன்னங்காலைத் தோளோடு எடுத்த பிறகும் எடை ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. மனைவியால் தூக்க முடியாது. பதினைந்து வயது மகளாலும் முடியாது. லாரியின் கியர்பாக்ஸை நெஞ்சில் தாங்கி இறக்கிப் பழகிய உடம்பு அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அந்த உடம்பைக் கண்டால்தான் நாய்க்கு ஆகவில்லை.

மகள் ஊட்டினால் குட்டி மாதிரி தின்றது. மனைவி தையலைத் துடைத்தால் கண்ணை மூடிப் பொறுத்துக்கொண்டது. மெக்கானிக்கின் நிழல் மேலே விழுந்தால் போதும், உதடு மேலேறிப் பல் மொத்தமும் தெரியும்.

முதல் நாள் கட்டைவிரல். நாலாம் நாள் முழங்கைக்குக் கீழே, ஏழு தையல். தையல் போட்ட கம்பவுண்டர் வெறிநாயா என்று கேட்டார். வீட்டு நாய்தான், ஊசியெல்லாம் போட்டிருக்கிறது என்றான். அப்படியென்றால் வெறி உனக்குத்தான் என்று சிரித்தார் அவர். அவன் சிரிக்கவில்லை.

ஐந்தாறு நாளில் தானே எழுந்துவிடும் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். எழவில்லை. எழப் பார்க்கும்போதெல்லாம் இல்லாத காலை நம்பி ஊன்றும். முகம் தரையில் போய் அறையும். வலியில் பக்கத்தில் இருப்பதைக் கவ்வும். பக்கத்தில் இருப்பது எப்போதும் மெக்கானிக்.

தாடை ஒருவழியாகத் தளர்ந்தது. அவன் கையை உருவிக்கொண்டு, தடியனின் நெஞ்சுக்கு அடியில் துண்டைக் கொடுத்து, இரண்டு முனையையும் ஒரே பிடியாகப் பிடித்துத் தூக்கினான்.

வீடே அதிர்ந்தது. நாய் ஊளையிட்டுக்கொண்டே திமிறியது. தண்ணீர்க் கிண்ணம் எகிறிச் சுவரில் மோதியது. கெண்டைக்காலில் பல் பதிந்தது. அவன் துண்டை விடவில்லை.

"எந்திரிடா! எந்திரிடா தடியா!"

சிந்திய தண்ணீரிலும் ரத்தத்திலும் கால் வழுக்கியது. மெக்கானிக் மல்லாக்க விழுந்தான். முழங்கை தரையில் இடித்ததும் பழைய தையல் பட்டென்று விட்டுப்போனது. நாற்பது கிலோவும் அவன் மேலேயே வந்து விழுந்தது.

நாயின் பல் அவன் தொண்டைக்குழியில் வந்து நின்றது.

சூடான மூச்சு. உள்ளே எங்கோ மோட்டார் ஓடுகிற மாதிரி உறுமல். அவன் முகத்தைத் திருப்பவில்லை. கையை உயர்த்தவும் இல்லை.

பல் இறங்கவில்லை. ஒற்றை முன்னங்கால்தான் அவன் நெஞ்சில் ஊன்றியது. எலும்பு நொறுங்கிவிடும் போல அழுத்தியது. பின்னங்கால் இரண்டும் தரையைத் தேடிக் கண்டுபிடித்தன.

தடியன் நின்றது.

துண்டு எங்கோ கிடந்தது. யாரும் பிடித்திருக்கவில்லை.

அவன் மேலிருந்து இறங்கி ஒரு தாவல் தாவியது. தடுமாறியது. இன்னொரு தாவல். கூடத்தைக் குறுக்கே கடந்து, மகளின் அறைக்கதவு வரைக்கும் போய், அங்கே திரும்பி நின்று இவனைப் பார்த்துக் குரைத்தது.

கதவு திறந்தது. மகள் வெளியே வந்து நாயின் பிடரி ரோமத்தைப் பற்றிக்கொண்டாள்.

மெக்கானிக்குக் கண்ணில் நீர் முட்டியது. "நடந்துடுச்சு பாரும்மா," என்று எழுந்து ஓரடி வைத்தான்.

"அங்கயே நில்லுங்கப்பா."

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மகள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

நின்றான்.

அன்றைக்கு, ஏதோ ஒரு போன் சண்டையில், அவன் இரும்புக் கம்பியை ஓங்கியது அவள் தலைக்கு. இறக்கியும் விட்டான். நடுவில் பாய்ந்தது தடியன்.

மனைவி அடுப்பை அணைத்தாள். உள்ளே போய் அவனுடைய துணிப்பெட்டியை எடுத்துவந்து வாசற்படியில் வைத்தாள். நாயை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றே அடுக்கி வைத்த பெட்டி. தூக்க வேறு ஆள் இல்லை, அது தானாக நடக்கிறவரைக்கும் மட்டும் நீங்கள் இந்த வீட்டில் இருக்கலாம் என்று அன்றைக்கே அவள் சொல்லியிருந்தாள்.

அது தெரிந்துதான் அவன் ஒவ்வொரு நாளும் தூக்கினான்.

"கையைக் கழுவிட்டுக் கிளம்புங்க," என்றாள்.