நிபாரண் பாபுவின் வயிறு

"என்ன பௌமா, சிலிண்டர் அதுக்குள்ள காலியா?"

மருமகளை 'பௌமா' என்றுதான் கூப்பிடுவார் நிபாரண் பாபு. இன்று அவர் கேட்ட தோரணையில், ஜூமா பொரிக் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் அவர் முன்னால் வைத்தாள்.

"மாத்திட்டேன் பாபா. இன்னொண்ணு இருந்துது."

"மாத்தினது தெரியுது. தீர்ந்தது எப்படின்னு கேக்கறேன். வீட்ல இருக்கறது நீயும் நானும். உன் புருஷன் துர்காபூர்லேர்ந்து மாசத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டறவன். ரெண்டு பேரோட சோத்துக்கும் மீன் குழம்புக்குமா இவ்வளவு கேஸ்?"

"அடுப்பு பழசு பாபா."

பழசாம்! போன துர்கா பூஜைக்கு வாங்கின அடுப்பு.

அவருக்குச் சந்தேகம் வந்து வெகு நாளாயிற்று. ஜூமாவின் அண்ணன் சந்து முனையில் பட்டாணிச் சுண்டல் வண்டி போட்டிருக்கிறான். தினமும் மத்தியானம் அவர் கிளப்புக்குச் சீட்டாடப் போவார். அந்த நேரத்தில் இங்கே அண்டா ஏறுகிறதோ? எதிர்வீட்டு ஹாராதன் வேறு தூபம் போட்டிருந்தார். "அண்ணன் வியாபாரம், மாமனார் கேஸ். நல்ல கூட்டு, நிபாரண் தாதா!"

"பாபா..." ஜூமா இழுத்தாள். "இன்னிக்குக் கிளப் கூட்டத்துல புதுத் தண்ணிக் குழாய்க்குச் சரின்னு சொல்லிடுங்களேன்."

"உனக்கென்ன அதுல அவ்வளவு அக்கறை?"

அவள் பொரிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவருக்கே புரிந்தது. தெருவைத் தோண்ட இருபது ஆள் வந்தால் சுண்டல் எந்த வண்டியில் தின்பான்?

கிளப்பில் சந்து ஜனமே கூடியிருந்தது.

"வெள்ளைக்காரன் காலத்துக் குழாய்ங்க," என்றார் தண்ணீர் இலாகா பொறியாளர். "ஒட்டினாப்பல சாக்கடை ஓடுது. தண்ணி நிக்கற நேரத்துல விரிசல் வழியா உள்ள போகுது. புதுக் குழாய் ரெடி. நீங்க வேணாம்னா, இன்னிக்கே பக்கத்துச் சந்துக்கு எழுதிடுவோம்."

பல்டூ எழுந்தான். தையல்காரன். நிபாரண் பாபு பக்கம் திரும்பினான்; சந்தில் இளசுகளுக்கெல்லாம் அவர் 'ஜேட்டு', பெரியப்பா. "ஜேட்டு, என் பொண்ணு கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில கிடக்கா. நீங்க சரின்னா எல்லாரும் சரிம்பாங்க."

"தெருவுல கண்டதைத் தின்னிருப்பா," என்றார் நிபாரண் பாபு. "என் வீட்டுச் சுவர் நூறு வருஷத்துச் சுவர். அடியில தோண்டினா வாயைப் பொளந்துரும். கட்டிக் குடுக்கறியா நீ?"

பிறகு சட்டையைத் தூக்கி வயிற்றில் ஒரு தட்டு தட்டினார். தபலா மாதிரி கேட்டது.

"எழுபத்தி நாலு வயசு. பொறந்ததுலேர்ந்து இந்தக் குழாய்த் தண்ணிதான். பச்சையா! ஒரு நாள் கடமுடான்னிருக்குமா? கொதிக்க வெச்ச தண்ணி சீக்காளிக்கு. அதுல உசுரே கிடையாது."

'சௌக்கியமா' என்று கேட்டாலே 'வயிறு எப்படி' என்று அர்த்தமாகும் சந்து அது. ஓமத் திராவகம் இல்லாமல் கல்யாண விருந்துக்கே போகமாட்டார்கள். அங்கே இதைவிடப் பெரிய அத்தாட்சி ஏது?

"தாதா வயித்துக்கு மேல ஒரு லேபரட்டரியா?" என்றார் ஹாராதன். கொல்லென்று சிரிப்பு. கைகள் வரிசையாக உயர்ந்தன, வேண்டாம் என்று. பல்டூ உட்கார்ந்துவிட்டான். பொறியாளர் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

நிபாரண் பாபு சீட்டுக்கு உட்காரவில்லை. இன்று பிடித்தே ஆகவேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாக வந்தார்.

சமையலறையில் அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. மேலே பெரிய அண்டா. மூடியிருந்தது.

"மாட்டினியா! உங்கண்ணனுக்கு இன்னிக்கு எத்தனை கிலோ?"

ஜூமா திடுக்கிட்டுத் திரும்புவதற்குள் மூடியைப் பிடுங்கினார். ஆவி அடித்துக் கண்ணாடி மங்கியது. வேட்டி நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

வெறும் தண்ணீர். தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய மண் கூஜா, வாயில் வெள்ளைத் துணியோடு.

"என்ன இது?"

"நீங்க குடிக்கற தண்ணி, பாபா."

"நான் குடிக்கறது பச்சத் தண்ணி!"

"இல்ல பாபா. சொன்னா தொட மாட்டீங்க. அதான் ஆற வெச்சு கூஜாவுல ஊத்திடறது."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து. அதுக்கு முன்னால மா செஞ்சிட்டிருந்தாங்க. உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் கண்ணை மூடினாங்க."

மனைவி அத்தனை வருஷம் நின்று சமைத்த மூலையை அவர் பார்த்தார்.

"என்கிட்ட வேணாம். ஊர்ல நாலு பேருக்குச் சொல்லியிருக்கலாமில்ல?"

"பல்டூ பொண்டாட்டிகிட்ட சொன்னேன், பாபா. கொழந்தைக்குக் கொதிக்க வெச்சுக் குடுன்னு. 'போக்கா, உன் மாமனார் பச்சத் தண்ணி குடிச்சுட்டுக் காண்டாமிருகம் மாதிரி இருக்காரே'ன்னு சிரிச்சா. நான் என்னத்தைச் சொல்ல?"

நிபாரண் பாபு மூடியை மெதுவாக அண்டா மேல் வைத்தார். பிறகு, ஏதோ ஒன்றையாவது காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பவர் போலக் கேட்டார்.

"சின்ன வயசுல... அப்பவாவது பச்சத் தண்ணிதானே?"

ஜூமா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாவுக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே உங்க அம்மாதானாம்."

வெளியே பொறியாளரின் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் ஓடினார் நிபாரண் பாபு.

"போயிடாதீங்கய்யா, நில்லுங்க! நான் சொன்னது பொய்ச் சாட்சி!"