ஆரஞ்சுக் கதவு

"நூத்தி முப்பது வருஷத்து வீடு சார் இது. இந்தக் கதவுல ஆரஞ்சு அடிக்க எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?"

நகராட்சியின் பாரம்பரியக் கட்டட அதிகாரி ரோவினாவுக்கு அழுகையே வரும் போலிருந்தது. மெல்பர்னின் அந்தத் தெருவில், விக்டோரியா ராணி காலத்துச் செங்கல் வீடுகள் ஆறு, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. சிவப்புச் செங்கலுக்கு இடையே வெளிர்மஞ்சள் வரி, வராந்தாவில் இரும்புப் பூவேலை, கரும்பச்சைக் கதவு. நாலாவது வீட்டுக் கதவு மட்டும் ஆரஞ்சில் பல்லிளித்தது.

"ஆசைப்பட்டேன், அடிச்சேன்," என்றார் எண்பது வயது கிளைவ்.

"பக்கத்து வீட்டு பெரில் அம்மா புகார் கொடுத்திருக்காங்க. பதினாலு நாள்ல பச்சைக்கே மாத்திடணும்."

"மாட்டேன் கண்ணு. அபராதம் போட்டுக்கோ."

வீம்பு பிடித்த மனுஷன் என்று நினைத்தபடி ரோவினா நோட்டீஸை எழுதத் தொடங்கினாள்.

அந்த நேரம் பெரில் ரொட்டிப் பையோடு தெருமுனையில் திரும்பினார். முப்பது வருஷமாகச் சண்டை போட்டு, இந்த வரிசையில் ஒரு செங்கல்கூட மாறாமல் காத்தவர். முதல் வீட்டின் முன் நின்றுவிட்டார். முகத்தில் ஒரே தவிப்பு. பார்வை கதவு கதவாகத் தடவி வந்து, ஆரஞ்சைக் கண்டதும்தான் தெளிந்தது. விடுவிடுவென்று நடந்து வந்தார்.

"அபராதத்தை நல்லா தீட்டும்மா. கண்ணைக் குத்துது."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா ஒண்ணு. போன மாசம் மூணு தடவை அடுத்தவங்க கதவுல சாவியைப் போட்டுத் திருகிட்டு நின்னேன். இன்னொரு தடவை ஆச்சுன்னா முதியோர் இல்லம்தான்னு மகன் சொல்லிட்டான். இந்தக் கண்றாவி வந்ததுலேருந்து தப்பவே இல்ல. ஆரஞ்சைத் தாண்டினா என் வீடு."

சொல்லிவிட்டு, தன் கதவைத் திறந்து உள்ளே போனார்.

கிளைவ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவங்களுக்காகவா? அவங்க கதவுக்கே அடிச்சிருக்கலாமே சார்?" என்றாள் ரோவினா.

"விதியை மீறச் சொன்னா அவளுக்கு உயிரே போயிடும் கண்ணு. நீ ஒண்ணும் சொல்லிடாதே. என்னைத் திட்டிட்டுப் போகட்டும்."

ரோவினா நோட்டீஸைக் கிழித்துவிட்டு, வேறொரு தாளில் எழுதினாள்: 'நாலாவது வீட்டுக் கதவின் ஆதி நிறம் பச்சைதானா என்பதில் சந்தேகம் உள்ளது. ஆய்வு முடியும்வரை கதவை யாரும் தொடக் கூடாது.'

"ஆய்வு எப்போ முடியும்?" என்றார் கிளைவ்.

"அந்த அம்மா இங்க இருக்கிறவரைக்கும் முடியாது சார்."